புல எண்ணில் ஒரு ஸ்லாஷ்

உத்திரமேரூர் பக்கம் நிலம் வைத்திருப்பவரிடம் புல எண் கேட்டால் “நூத்தி இருபத்து மூணு பை ரெண்டு ஏ” என்பார். தாளில் அது 123/2ஏ. நடுவில் இருக்கும் அந்தச் சாய்கோடு வருவாய்த் துறைக்கு உட்பிரிவின் அடையாளம். கணினிக்கு அதன் பொருள் வேறு: இதோடு ஒரு ஃபோல்டர் முடிந்தது, அடுத்தது அதற்குள்ளே இருக்கிறது.

தாலுகா அலுவலகத்தைச் சுற்றியிருக்கும் ஜெராக்ஸ் கடைகளில் பட்டா, சிட்டா, அடங்கல், எஃப்எம்பி வரைபடம் என்று நாள் முழுக்க ஏதாவது ஸ்கேன் ஆகிக்கொண்டிருக்கும். கடையில் உட்காரும் பிள்ளை பிளஸ் டூ-வில் படித்த பைத்தானை வைத்து ஒரு சின்ன நிரல் எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப் பெயரையும் புல எண்ணையும் தட்டினால், ஸ்கேன் செய்த கோப்பை உரிய ஃபோல்டரில் அந்தப் பெயரிலேயே சேமிக்க வேண்டும். 123/2ஏ.பிடிஎஃப் என்று சேமிக்கச் சொன்னால் நிரல் பிழை காட்டி நிற்கும். 123 என்று ஃபோல்டர் ஏதும் இல்லை என்பது அதன் புகார். ‘ஃபோல்டர் இல்லாவிட்டால் நீயே உண்டாக்கிக்கொள்’ என்று முன்னெச்சரிக்கையாக ஒரு வரி எழுதி வைத்திருந்தால் பிழைகூட வராது. 123 என்ற ஃபோல்டர் சத்தமில்லாமல் உருவாகி, அதற்குள் 2ஏ.பிடிஎஃப் போய் உட்காரும். ஆறு மாதம் கழித்துத் தேடும்போதுதான் தெரியும்.

கோப்புப் பாதை என்பது பார்வைக்கு ஒரு சொற்றொடர், உள்ளே ஒரு விலாசம். பெரியதிலிருந்து சிறியதுக்கு வரிசையாக இறங்கும் விலாசம். உத்திரமேரூருக்கு அது புதிதல்ல. வைகுந்தப் பெருமாள் கோயிலில் குடவோலைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். இந்த ஊரின் மற்றக் கல்வெட்டுகளில் நிலம் விற்ற, கொடுத்த செய்திகள் ஏராளம். அவற்றில் நிலத்தைக் குறிக்கும் முறை இப்படிப் போகும்: இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, அதில் இத்தனையாம் சதுரம். எந்தத் திசையிலிருந்து வந்தவரும் அதே வயலில் போய் நிற்பார். நிரல் எழுதுவோர் முழுப் பாதை என்பது இதைத்தான். இன்றைய கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுகிறோமே, கிழக்கில் இன்னார் நிலம், தெற்கில் வண்டிப் பாதை என்று, அது சார்புப் பாதை. எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு.

கணினியில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், விலாசத்தின் பகுதிகளைப் பிரித்துக்காட்டும் குறி இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறுபடுகிறது. லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு மூன்றிலும் வலப்பக்கம் சாயும் / என்ற ஸ்லாஷ். விண்டோஸில் இடப்பக்கம் சாயும் \ என்ற பேக்ஸ்லாஷ். பழைய மேக் கணினிகளில் முக்காற்புள்ளி இருந்தது. ஸ்லாஷ் வழக்கம் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யுனிக்ஸிலிருந்து வந்தது. மைக்ரோசாஃப்டின் டாஸ் 1981-இல் வந்தபோது அதில் ஃபோல்டர் என்பதே கிடையாது. கட்டளைகளுக்குக் கூடுதல் விருப்பங்களைத் தர ஸ்லாஷைப் பயன்படுத்திவிட்டார்கள். 1983-இல் டாஸ் 2.0-இல் ஃபோல்டர்கள் வந்தபோது ஸ்லாஷ் ஏற்கெனவே வேறு வேலையில் இருந்தது. அதைப் பிடுங்கினால் பழைய கட்டளைகள் கெடும். ஆகவே பேக்ஸ்லாஷ். இத்தனை ஆண்டுத் தலைவலிக்கும் மூலம் இவ்வளவுதான். ஜப்பானில் இன்னொரு கூத்து: அங்கே பழைய எழுத்துக் குறியீட்டில் பேக்ஸ்லாஷின் இடத்தில் யென் நாணயக் குறி இருந்ததால், ஜப்பானிய விண்டோஸில் பாதைகள் யென் குறியோடு தெரியும்.

விண்டோஸ் மட்டும் என்றால் பேக்ஸ்லாஷோடு குடித்தனம் நடத்திவிடலாமே என்று தோன்றும். அதற்கும் வழியில்லை. சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் என்று நாம் புழங்கும் மொழிகள் பலவற்றிலும் மேற்கோளுக்குள் வரும் பேக்ஸ்லாஷுக்குத் தனி அதிகாரம் உண்டு. அடுத்து வரும் ஆங்கில எழுத்தோடு சேர்ந்து அது வேறொன்றாக மாறிவிடும். பைத்தானில் பேக்ஸ்லாஷும் சின்ன ‘டி’யும் சேர்ந்தால் டேப் இடைவெளி. ‘என்’ சேர்ந்தால் புது வரி. ‘எஃப்’ சேர்ந்தால் பிரின்டரில் அடுத்த பக்கம் தள்ளும் குறி. ‘வி’ சேர்ந்தால் செங்குத்து டேப். ‘ஏ’ சேர்ந்தால் மணியடிக்கும் குறி.

இப்போது நம் வட்டத்தின் ஃபோல்டர் பெயர்களை ஆங்கிலச் சிற்றெழுத்தில் எழுதிப் பாருங்கள். தாலுக், நஞ்சை, எஃப்எம்பி, வில்லேஜ், அடங்கல். ஐந்தும் மேலே சொன்ன ஐந்து கண்ணிகளில் ஒவ்வொன்றிலும் விழுகின்றன. பட்டாவும் சிட்டாவும் தப்பிக்கும், ஏனென்றால் அவற்றின் முதலெழுத்துக்கு அப்படி ஒரு தனிப்பொருள் இல்லை. ஊர்களிலும் இதே பாரபட்சம். மானாம்பதிக்கும் சாலவாக்கத்துக்கும் ஒழுங்காக ஓடிய நிரல் திருப்புலிவனத்துக்கு வந்ததும் படுத்துவிடும். தப்பித்த பெயர்களையும் நம்ப வேண்டாம். பைத்தான் 3.12-இலிருந்து அப்படிப்பட்ட பேக்ஸ்லாஷைக் கண்டால் எச்சரிக்கை காட்டுகிறது, பின்னால் அதையே பிழையாக்கும் எண்ணமும் அவர்களுக்கு இருக்கிறது.

திருப்புலிவனத்தில் வரும் பிழைச் செய்தியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். தவறான மதிப்பு என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நீங்கள் கொடுத்த பாதையைக் காட்டும். அந்தப் பாதை அச்சு அசலாக நீங்கள் எழுதியது போலவே இருக்கும். டி டிரைவ், பேக்ஸ்லாஷ், திருப்புலிவனம். ஃபோல்டர் கண்ணெதிரே இருக்கிறது, பாதையும் சரி, பிறகு என்ன தவறு என்று மண்டை காயும். நடந்தது இது: உள்ளே இருப்பது டேப். டேப்பை மனிதருக்குக் காட்ட வேண்டும் என்பதற்காக அதை மறுபடி பேக்ஸ்லாஷ்-டி என்று எழுதிக்காட்டுகிறது பைத்தான். உண்மையான பேக்ஸ்லாஷாக இருந்தால் அது செய்தியில் இரட்டையாகத் தெரிந்திருக்கும். ஆக, பிழைச் செய்தியில் பேக்ஸ்லாஷ் ஒற்றையாக நின்றால் சந்தேகப்படுங்கள்.

உத்திரமேரூர் நிலைமை இதைவிட மோசம். ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்து ‘யு’. பேக்ஸ்லாஷுக்குப் பின் பெரிய ‘யு’ வந்தால், தொடர்ந்து எட்டு இலக்க யூனிகோடு எண் வரும் என்று பைத்தான் எதிர்பார்க்கும். வருவதோ ஊர்ப் பெயர். நிரல் ஒரு வரிகூட ஓடாது, தொடக்கத்திலேயே இலக்கணப் பிழை. விண்டோஸில் எல்லோருடைய கோப்புகளும் ‘யூசர்ஸ்’ என்ற ஃபோல்டரின் கீழ்தான் இருக்கின்றன என்பதால், உலகம் முழுக்கப் பைத்தான் கற்கத் தொடங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்ளும் பிழை இது.

இதற்கு மூன்று மருந்து உண்டு. பேக்ஸ்லாஷை இரட்டையாக எழுதலாம். தமிழ்நாட்டு பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தின் சிஎஸ்வி பாடம் சி டிரைவ் பாதைகளை அப்படித்தான் எழுதுகிறது. மேற்கோளுக்கு முன்னால் ‘ஆர்’ என்ற எழுத்தைப் போட்டு ‘உள்ளதை உள்ளபடி எடுத்துக்கொள்’ எனலாம். ஆனால் அந்தப் பாதை ஒற்றை பேக்ஸ்லாஷில் முடியக்கூடாது. மூன்றாவது, பேசாமல் / போட்டுவிடலாம். விண்டோஸின் உட்புறம் பெரும்பாலும் அதையும் ஏற்கும். இந்த மூன்றாவது வழியைப் பலர் அறிவதில்லை.

முதல் இரண்டும் தற்காலிகம்தான். நிரல் விண்டோஸிலேயே இருந்துவிடப் போவதில்லை. கடையில் எழுதியதை நாளைக்கு இணையத்தில் ஏற்றினால், வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸ். கைப்பேசியில் ஓட்டினால் ஆண்ட்ராய்டு, அதன் அடியிலும் லினக்ஸ். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் வழியாக வந்த கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் இருந்தது. பெரும்பாலானோர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வேறு கதை.

லினக்ஸுக்குப் போன பேக்ஸ்லாஷ் என்ன ஆகும்? அங்கே அது சாதாரண எழுத்து. ‘அ’ போல, ‘ஆ’ போல அதுவும் ஒன்று. கோப்பின் பெயரிலேயே இருக்கலாம். பட்டா\மானாம்பதி\45.பிடிஎஃப் என்று சேமித்தால் பட்டா ஃபோல்டருக்குள் எதுவும் போகாது. நிரல் ஓடிய இடத்திலேயே, பேக்ஸ்லாஷ்கள் உட்பட அந்த முழு நீளத்தையும் பெயராகக் கொண்ட ஒற்றைக் கோப்பு உருவாகும். பிழை வராது, எச்சரிக்கை வராது. விண்டோஸாவது கத்தித் தொலைக்கும். லினக்ஸ் சொன்னதைச் செய்துவிட்டுப் பேசாமல் இருக்கும். எனக்கு இந்த மௌனம்தான் ஆபத்தாகப் படுகிறது.

ஆகவே பாதையைச் சொற்களை ஒட்டுவதுபோல ஒட்டக்கூடாது. பகுதிகளை மட்டும் கொடுத்துவிட்டு, நடுவில் என்ன குறி வர வேண்டும் என்பதை மொழியின் நூலகத்திடம் விட்டுவிட வேண்டும். பைத்தானில் முன்பிருந்தே ஓஎஸ்.பாத்.ஜாயின் உண்டு. 2014-இல் வந்த 3.4 பதிப்பிலிருந்து பாத்லிப் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத வேண்டியதைத் தமிழில் எழுதிக்காட்டினால் இப்படி:

பாத்("பட்டா") / "மானாம்பதி" / "45.பிடிஎஃப்"

நடுவில் தெரியும் / வகுத்தல் குறி. பாத்லிப் அதற்கு ‘சேர்’ என்று வேறு பொருள் கொடுத்திருக்கிறது. விண்டோஸில் ஓடினால் பேக்ஸ்லாஷோடும் லினக்ஸில் ஓடினால் ஸ்லாஷோடும் பாதை உருவாகும். கோப்பின் பெயர், பின்னொட்டு, மேல் ஃபோல்டர் எல்லாவற்றையும் கேட்டு வாங்கலாம். பெயரை வெட்டி ஒட்டி எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். ஜாவாவில் பாத்ஸ், சி ஷார்ப்பில் பாத்.கம்பைன், நோடில் பாத்.ஜாயின், கோ மொழியில் ஃபைல்பாத், சி++17-இல் ஃபைல்சிஸ்டம் என்று எல்லா மொழியிலும் இதற்கு ஆள் இருக்கிறது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சேர்க்கும் பகுதி தானே ஸ்லாஷில் தொடங்கினால், அது வேரிலிருந்து தொடங்கும் பாதை என்று எடுத்துக்கொண்டு, இடப்பக்கம் அதுவரை கோத்ததைத் தூக்கிப் போட்டுவிடும் பைத்தான். யாராவது புல எண்ணை /45 என்று தவறுதலாகத் தட்டினால் பட்டாவும் மானாம்பதியும் காணாமல் போகும். இணையப் படிவம் வழியாக எண் வருகிறது என்றால் இதுவே திருட்டு வழி. இரண்டு புள்ளியும் ஸ்லாஷும் அடுத்தடுத்துத் தட்டி மேலே மேலே ஏறி, சர்வரின் வேறு கோப்புகளைத் தொடப் பார்ப்பார்கள். கடைசியில் கிடைக்கும் பாதை நம் பட்டா ஃபோல்டருக்குள்தான் இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே திறக்க வேண்டும். முதலில் ரிசால்வ் செய்து மேலேறும் புள்ளிகளைத் தீர்த்துவிட்டு, பிறகு ‘இஸ்_ரிலேட்டிவ்_டு’ என்று கேட்டால் பாத்லிப் பதில் சொல்லும்.

அடுத்தது வேர். சி டிரைவ், டி டிரைவ் என்று நிரலுக்குள்ளேயே எழுதிவிடுகிறோம். இன்றைக்கு ஈ என்று வந்த பென்டிரைவ் நாளைக்கு எஃப் என்று வரும். டெஸ்க்டாப் ஃபோல்டரை ஒன்டிரைவ் தன் பக்கம் இழுத்துக்கொண்ட கணினிகளில், பழைய டெஸ்க்டாப் பாதையை நம்பி எழுதிய நிரல் வெறும் ஃபோல்டரைப் பார்த்து விழிக்கும். லினக்ஸில் டிரைவ் எழுத்தே கிடையாது. எனவே வேரை ஒரே இடத்தில், அமைப்புக் கோப்பிலோ சூழல் மாறியிலோ, எழுதி வைத்துவிட்டு மற்றதெல்லாம் அதற்குக் கீழே என்று வைத்துக்கொள்வதுதான் முறை. தரவுத்தளத்தில் பாதையைப் பதிவதாக இருந்தால், வேரை விட்டுவிட்டுச் சார்புப் பாதையை மட்டும், எந்தக் கணினியானாலும் / குறியோடு பதியுங்கள். அப்படி மாற்றித்தரப் பாத்லிப்பில் ‘ஆஸ்_பாசிக்ஸ்’ இருக்கிறது.

வேருக்கு மாவட்டப் பெயர் வைப்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். இந்தப் பகுதியின் பழைய பத்திரங்களில் செங்கல்பட்டு மாவட்டம் என்றிருக்கும். 1997-இல் காஞ்சிபுரம் மாவட்டம் ஆனது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தபோது பக்கத்து மதுராந்தகம் அந்தப் பக்கம் போயிற்று, உத்திரமேரூர் காஞ்சிபுரத்திலேயே தங்கிவிட்டது. காஞ்சிபுரம்/மதுராந்தகம் என்று பாதையை நிரல் முழுக்க இறைத்து வைத்திருந்தவருக்கு அன்று எத்தனை வரி திருத்த வேண்டியிருந்திருக்கும்! ஒரே இடத்தில் வைத்திருந்தவருக்கு ஒரு வரி.

பாதை சரியானாலும் பெயர் இருக்கிறது. ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் பெரிய எழுத்து, சின்ன எழுத்துத் தகராறு. பட்டாவைப் பெரிய ‘பி’யில் எழுதினாலும் சின்ன ‘பி’யில் எழுதினாலும் விண்டோஸுக்கு ஒன்றே, லினக்ஸுக்கு இரண்டு. கடையில் ஓடிய நிரல் சர்வரில் ‘கோப்பு இல்லை’ என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

தமிழில் பெயர் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை, நம் எழுத்துக்குப் பெரிது சிறிது கிடையாது. ஆனால் ‘கோயில் நிலம்’ என்று ஒரு ஃபோல்டர் வைத்துப் பாருங்கள். அதிலுள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியீடாக, அல்லது முன்னால் வரும் இரட்டைக் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டாக. ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் அப்படியே. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு அமைப்பு, நாம் எப்படித் தட்டினாலும் பெயரை இரண்டாகப் பிரித்தே சேமித்தது. அந்த ஃபோல்டரை லினக்ஸுக்கு நகலெடுத்தால், அங்கே ஏற்கெனவே இருக்கும் ‘கோயில் நிலம்’ பக்கத்தில் இன்னொரு ‘கோயில் நிலம்’ நிற்கும். லினக்ஸ் பைட்டுகளைத்தான் பார்க்கும், எழுத்தைப் பார்க்காது. பைத்தானின் யூனிகோடுடேட்டா நூலகத்தில் நார்மலைஸ் என்று ஒன்று உண்டு. பெயரை அதில் எப்போதும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிட்டுச் சேமித்தால் இந்த இரட்டைப் பிறவி வராது. ‘ஸ்ரீ’ மட்டும் இதற்கும் அடங்காது. ‘ஸ’ கொண்டு எழுதிய ஸ்ரீயும் ‘ஶ’ கொண்டு எழுதிய ஶ்ரீயும் வெவ்வேறு எழுத்துகள் என்றே யூனிகோடு கருதுகிறது. ஶ்ரீ என்று தொடங்கும் கோயில் பெயர்களுக்கு ஒரு வடிவைத் தேர்ந்துகொண்டு நாமேதான் மாற்ற வேண்டும்.

விண்டோஸ் ஏற்காத குறிகள் ஒன்பது: < > : " / \ | ? *. தேதியை 12/03/2024 என்றும் நேரத்தை 10:30 என்றும் பெயரில் எழுத முடியாது. தேதியை 2024-03-12 என்று ஆண்டை முன்வைத்து எழுதினால் வரிசையும் ஒழுங்காக வரும். பெயரின் கடைசியில் புள்ளியும் இருக்கக்கூடாது. இது நம்மூருக்கென்றே வந்த வினை. முதலெழுத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டு ‘முருகன் கே.’ என்று ஃபோல்டர் வைத்தால் விண்டோஸ் அந்தப் புள்ளியை ஓசைப்படாமல் விழுங்கிவிடும். பிறகு லினக்ஸிலிருந்து புள்ளியோடு வருவதும் இதுவும் பொருந்தாது. மோடம், பிரின்டர் காலத்து மிச்சமாக ‘கான்’, ‘பிஆர்என்’, ‘ஏயுஎக்ஸ்’, ‘என்யுஎல்’ என்ற ஆங்கிலப் பெயர்களும் விண்டோஸில் தடை.

புல எண்ணுக்கு வருவோம். ஸ்லாஷை அப்படியே நீக்கிவிடலாம் என்பதுதான் முதலில் தோன்றும். செய்யாதீர்கள். 12/31, 123/1 இரண்டிலும் ஸ்லாஷை எடுத்தால் கிடைப்பது 1231. ஒருவர் நிலத்தின் பட்டா மேல் இன்னொருவர் பட்டா ஏறி உட்காரும். ஸ்லாஷுக்குப் பதில் இணைப்புக்கோடு போட்டு 123-2ஏ என்று வையுங்கள். அதைவிட நல்லது, புல எண்ணும் உட்பிரிவும் பட்டாவில் எப்படியும் இரண்டு விவரங்கள்தான் என்பதால், நிரலிலும் இரண்டு பெட்டிகளில் தனித்தனியாக வாங்கிக்கொள்வது. உண்மையான எண் தரவுத்தளத்தில் ஸ்லாஷோடு இருக்கட்டும். கோப்பின் பெயரைப் பிரித்துப் படித்துப் புல எண்ணை மீட்கும்படி ஒருபோதும் எழுத வேண்டாம்.

நீளத்துக்கும் வரம்பு உண்டு. விண்டோஸில் முழுப் பாதைக்கு 260 எழுத்து என்பது பழைய வரம்பு. விண்டோஸ் 10-இன் 2016 பதிப்பிலிருந்து அமைப்பை மாற்றி அதைத் தாண்டலாம். லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. உத்திரமேரூர் என்பது நமக்கு ஏழு எழுத்து, யூனிகோடுக்குப் பன்னிரண்டு, லினக்ஸ் வட்டில் 36 பைட். அந்தப் பெயரை இடைவெளியில்லாமல் ஏழு முறை எழுதி, புள்ளியும் பிடிஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்தும் சேர்த்தால் 256. விண்டோஸ் மறுபேச்சில்லாமல் சேமிக்கும். லினக்ஸ் ஒரு பைட் அதிகம் என்று திருப்பி அனுப்பும். கிரயப் பத்திரத்தின் தலைப்பையும் இரு தரப்பார் பெயரையும் தகப்பனார் பெயரோடு கோப்பின் பெயராக வைக்கும் பழக்கமுள்ள கடைகளில் இந்த வரம்பு சீக்கிரமே வந்துவிடும். ஊர், புல எண், உட்பிரிவு, ஆண்டு, இவ்வளவு போதும்.